மேட்ச் முடிந்ததும் ரெஃப்ரியிடம் எப்படிப் பேசுவது

சம்பா அறுவடை முடிந்து, பள்ளித் தேர்வுகளும் முடிந்துவிட்டால் எங்கள் பக்கம் கால்பந்துப் போட்டிகள் வரிசையாக வரும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு மைக் கட்டியிருப்பார்கள். அங்கே விசில் பிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தொழில் இல்லை. கல்லூரி மாணவன், முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பழைய ஃபார்வர்டு, பக்கத்து ஊர் பி.டி. சார், இப்போது இரண்டொரு பெண் பிள்ளைகளும். பைக்குக்குப் பெட்ரோல் போட்டு, மதியச் சாப்பாடு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையில்தான் வருகிறார்கள்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளி ஆட்டங்களில் விசில் பிடித்துப் பழகிய கை. இப்போது கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து, புது ரெஃப்ரிகள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து, முடிந்ததும் அவர்களிடம் பேசுகிறேன். இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. நல்ல பிள்ளைகள் ஒரு கோடை முழுக்க விசில் பிடிப்பார்கள், அடுத்த கோடையில் காணாமல் போய்விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து யாரும் போவதில்லை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது சுற்றி நின்று சத்தம் போடுகிறார்களே, அதற்குத்தான் போகிறார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட அவர்களுக்கு அடுத்த ஆட்டத்தில் உதவாது.

உதவும்படி சொல்ல வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரெஃப்ரி கொடுத்த முடிவு ஓர் இடத்தில் நின்று பார்த்துக் கொடுத்தது. நீங்கள் சொல்லப்போகும் குறையும் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது. இந்த இரண்டு இடங்களையும் முதலில் பேசிவிட்டு, அதற்கப்புறம் முடிவைப் பேசுங்கள்.

முதலில் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்

பந்தலுக்குள் சிறப்பு விருந்தினர் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஆட்டம் பாதி கண்ணில் படாது. நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தால் கொஞ்சம் உயரமாக இருக்கும் இடம் நல்லது. பள்ளி வராண்டாத் திண்ணை கிடைத்தால் போதும். ஏதாவது ஓர் அணியின் ஆட்கள் கூடி நிற்கும் இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். அவர்கள் கத்துவது நம் காதுக்குள் போய், நம் கண் பார்த்ததையே மாற்றிவிடும்.

கையில் ஒரு சின்ன நோட்டு. பக்கத்துக்கு ஒரு செவ்வகம் வரைந்து, நடுக்கோடும் இரண்டு பெனால்டி பாக்ஸும் போட்டு வைத்துக்கொள்வேன். ஏதாவது நடந்தால் நிமிடம் எழுதி, சம்பவம் நடந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி, ரெஃப்ரி நின்ற இடத்தில் ஒரு வட்டம். அவ்வளவுதான். சரியா தப்பா என்று அப்போது எழுத மாட்டேன். பாதி ஆட்டம் போனதும் அந்த வட்டங்களைப் பார்த்தாலே பிள்ளை எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும். புதியவர்களுக்கு எல்லா வட்டமும் நடு வட்டத்தைச் சுற்றியே விழும். பந்து மூலைக்குப் போனாலும் அவர்கள் அங்கேயே நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஆஃப்சைடு பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தன் அணியாள் பந்தைத் தட்டும் நொடியில், எதிரணிப் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டிக் கோலுக்குக் கிட்டே நிற்பதுதான் ஆஃப்சைடு. அந்த எதிராளிக்கு நேர்க்கோட்டில் நின்றால்தான் அது சரியாகத் தெரியும். லைன்ஸ்மேன் இரண்டு மூன்று மீட்டர் பின்தங்கி நின்றாலே பார்வை சாய்ந்துவிடும். அவருக்குக் கிட்டே நிற்கும் ஃபார்வர்டு, அந்தப் பக்கக் கோடியில் நிற்கும் டிஃபெண்டருக்குச் சமமாக இருந்தாலும், முன்னால் நிற்பதுபோலத் தெரியும். சமமாக இருந்தால் ஆஃப்சைடு இல்லை. கொடி தப்பாக ஏறிவிடும். லைன்ஸ்மேனுக்கே இப்படி என்றால், நடுக்கோட்டில் உட்கார்ந்த நமக்கும், கோலுக்குப் பின்னால் நின்று கத்துபவருக்கும் என்ன தெரியும்? ஆகவே ஆஃப்சைடைப் பற்றி நான் பேசுவது லைன்ஸ்மேன் நேர்க்கோட்டில் இருந்தாரா என்பதோடு நின்றுவிடும்.

சூரியனையும் கணக்கில் எடுங்கள். கோல்போஸ்ட்கள் வடக்கு தெற்காக இருந்தால் கோல்கீப்பர்களுக்குக் கண் கூசாது, சரி. ஆனால் கிழக்குப் பக்கக் கோட்டில் ஓடும் லைன்ஸ்மேன் மாலை முழுக்க மேற்கே பார்த்தே நிற்க வேண்டும். நான்கரை மணிக்கு மேல் அந்தப் பக்கம் கொடி தயங்கினால் அவரைத் திட்டுவதற்கு முன்னால் நீங்களே அங்கே போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் ஆட்டம் வேறு மாதிரி. நம் களிமண்ணில் ஒரு மழைக்கே கோடு கரைந்துவிடும், சுண்ணாம்புத் தூள் மேலும் மேலும் போட்டாலும் நிற்காது. பந்து குட்டையில் நின்றுவிடும், ஓடி வந்தவன் நிற்க முடியாமல் சறுக்கி மோதுவான். அந்த மோதலை மார்ச் மாதத்து மண்ணில் நடந்த மோதலோடு ஒப்பிட்டு ‘கார்டு எங்கே’ என்று கேட்பது நியாயம் இல்லை. ரெஃப்ரியால் ஓடிப் போய் அருகில் நிற்கவும் முடிந்திருக்காது.

யாரை வைத்துக்கொண்டு நடத்தினார்

ஊர்ப் போட்டியில் மூன்று பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைப்பது அபூர்வம். நடுவில் ஒருவர். இரண்டு பக்கமும் அந்தந்த அணியின் சப்ஸ்டிட்யூட் பையன்கள் கொடி பிடிப்பார்கள். தன் அணிக்கு எதிராக ஆஃப்சைடு கொடியை அவன் தூக்குவான் என்று எதிர்பார்க்க முடியுமா? அதனால்தான் பல ரெஃப்ரிகள் அவர்களிடம் ‘பந்து வெளியே போனால் மட்டும் கொடி காட்டு’ என்று சொல்லிவிட்டு, மற்றதைத் தானே பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஓர் ஆட்டத்தில் இரண்டு ஆஃப்சைடு தவறிப்போனால் அந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதாதீர்கள். கமிட்டியின் கணக்கில் எழுதுங்கள். இதைக் கமிட்டியிடம் சொல்வதும் நம் வேலைதான்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கமிட்டி வைத்ததே விதி. ஆஃப்சைடு உண்டா, எத்தனை சப்ஸ்டிட்யூட், பாதிக்கு எத்தனை நிமிடம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் ரெஃப்ரியிடம் வாய் திறக்காதீர்கள். அப்புறம், அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது ஆட்டம் என்று கேளுங்கள். அக்னி நட்சத்திர நாளில் மூன்றாவது ஆட்டம் நடத்துபவரின் காலும் மூளையும் காலையில் இருந்த மாதிரி இருக்காது. ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் இடைவேளை கொடுக்க விதியே இடம் தருகிறது: தண்ணீர் குடிக்க என்றால் ஒரு நிமிடத்துக்குள், உடல் சூட்டைத் தணிக்க என்றால் ஒன்றரையிலிருந்து மூன்று நிமிடம் வரை. ரெஃப்ரி அதைப் பயன்படுத்தினாரா, தானும் தண்ணீர் குடித்தாரா என்பது நான் எப்போதும் பார்க்கும் விஷயம்.

விதித் தப்பு வேறு, பார்வைத் தப்பு வேறு

இரண்டையும் கலந்து பேசுவதுதான் பெரும்பாலான சண்டைக்குக் காரணம். விதித் தப்பை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அது கருத்து இல்லை, புத்தகத்தில் இருப்பது. ஆனால் சொல்பவருக்கு இன்றைய விதி தெரிந்திருக்க வேண்டும். விளையாடிய காலத்து விதியை வைத்துக்கொண்டு வாதாடும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன். தன் கோல் பக்கத்திலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும் கோல் கிக், பெனால்டி பாக்ஸைத் தாண்ட வேண்டியதில்லை, உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தாலே ஆட்டத்தில் இருக்கிறது. 2019-இல் வந்த மாற்றம் இது. அதே ஆண்டில்தான், பந்து ரெஃப்ரி மேல் பட்டு அடுத்த அணியின் காலுக்குப் போனாலோ, கோலுக்குள் போனாலோ, அதிலிருந்து ஒரு நல்ல அட்டாக் கிளம்பினாலோ, ரெஃப்ரி பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடரும் டிராப் பால் என்று ஆனது. 2025-இல் கோல்கீப்பருக்கு 8 வினாடி விதி வந்தது. அதற்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 வினாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரலால் காட்ட வேண்டும். முன்பு 6 வினாடி, தண்டனை நேராகக் கோல் அடிக்க முடியாத இன்டைரக்ட் ஃப்ரீ கிக். ‘கடைசி ஆள் ஃபவுல் பண்ணினால் சிவப்புதான்’ என்று இன்னும் கத்துகிறார்கள். பெனால்டி பாக்ஸுக்குள் பந்தை எடுக்க முயன்று நடந்த ஃபவுல் என்றால், பெனால்டி கொடுத்துவிட்டு மஞ்சள்தான். 2016-லிருந்தே அப்படித்தான். கையில் பந்து பட்டாலே ஹேண்ட் என்பதும் தப்பு. வேண்டுமென்றே தொட்டாரா, உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கும்படி கை நின்றதா என்று பார்க்க வேண்டும்.

விதித் தப்பு நடந்திருந்தால் செல்போனில் விதிப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தையே காட்டுவேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், வாக்குவாதம் இருக்காது, அந்தப் பிள்ளையும் மறக்காது.

பார்வைத் தப்புக்கு அந்த வழி உதவாது. ஃபவுலா இல்லையா, மஞ்சளா சிவப்பா என்பதில் நம் கண்ணும் தப்பலாம். அங்கே நான் முடிவைச் சொல்ல மாட்டேன், கேட்பேன். போன கோடையில் ஒரு கல்லூரிப் பையனோடு பேசியதை எழுதுகிறேன். கவுண்டர் என்றால் பந்தைப் பறித்ததும் எதிர்ப்பக்கம் பாயும் தாக்குதல், ஸ்டாப்பர் என்றால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்.

“தம்பி, செகண்ட் ஹாஃப்ல வேகமா ஒரு கவுண்டர் வந்துச்சே, பாக்ஸுக்கு வெளிய விழுந்தான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு டீச்சர். நான் கொடுத்தது ஃபவுல்தான். கால்லதான் அடிச்சான்.”

“சரி. அப்ப நீங்க எங்க நின்னீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “நடு வட்டத்துக்கிட்ட.”

“உங்களுக்கும் பந்துக்கும் நடுவுல யாரு?”

“அவங்க ஸ்டாப்பர் முதுகு.”

“அப்ப கால்ல அடிச்சதைப் பார்த்தீங்களா, விழுந்ததைப் பார்த்தீங்களா?”

“விழுந்ததைத்தான் பார்த்தேன் டீச்சர்.”

நான் நோட்டைக் காட்டினேன். பெருக்கல் குறி பாக்ஸ் ஓரத்தில், வட்டம் நடுவில். அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம், என் இடத்திலிருந்து பார்த்தபோது எனக்கும் ஃபவுல் போலத்தான் தெரிந்தது. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து விசில் வந்தால் எதிரணி நம்பாது, நம்பாததால்தான் ஐந்து பேர் சுற்றிக்கொண்டார்கள். ஓர் அணி பந்தைப் பறித்த நொடியிலேயே ரெஃப்ரி முதல் பத்து மீட்டரை முழு வேகத்தில் ஓடிவிட்டால் மீதித் தூரம் தானாகக் குறையும் என்று சொன்னேன். பக்கவாட்டில் விலகி ஓடினால் யார் முதுகும் மறைக்காது என்றும் சொன்னேன். பேசியது அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் வேறு குறைகளும் இருந்தன, அவற்றைத் தொடவில்லை.

ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஏழெட்டுக் குறைகளை ஒரே மூச்சில் கொட்டினால் பிள்ளை தலையாட்டுவான், வீட்டுக்குப் போய் ஒன்றும் ஞாபகம் இருக்காது. எது அடுத்த ஆட்டத்திலும் திரும்ப வருமோ அதைத் தேர்ந்தெடுங்கள். நிற்கும் இடம், விசில் சத்தம், சைகை, ஆட்டக்காரர்களிடம் பேசும் தோரணை, இவையெல்லாம் பழக்கம். ஒரு தடவை தவறிய பெனால்டி பழக்கம் இல்லை.

சைகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, அர்ஜென்டினா ஆட்டத்தில் வெளியே அனுப்பப்பட்ட அர்ஜென்டினா கேப்டன் போக மறுத்து நின்றார். ரெஃப்ரி ஜெர்மன்காரர், இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அந்தக் குழப்பத்துக்கு அப்புறம்தான் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய ரெஃப்ரி, சிக்னல் விளக்கின் நிறங்களைப் பார்த்து மஞ்சள், சிவப்புக் கார்டுகளை யோசித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது. எல்லோருக்கும் புரியும்படி காட்டுவது முடிவெடுப்பதில் பாதி. ஃபவுல் பட்ட அணிக்கே ஆட்டம் சாதகமாகப் போனால் ஊதாமல் விடுவதுதான் அட்வான்டேஜ். நம் பிள்ளைகள் அதைக் கொடுக்கும்போது கையை நீட்டிக் காட்டுவதே இல்லை, மனதுக்குள் கொடுத்துக்கொள்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு ‘ஃபவுலைப் பார்க்கவே இல்லை’ என்று தோன்றுகிறது. முடிவு சரி, காட்டத் தெரியாததால் வசவு. இப்படிப்பட்டதைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாறிவிடும்.

எப்போது, எங்கே

இடைவேளையில் பேசாதீர்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய முடிவை மாற்ற விதியில் இடமில்லை, பேசினால் மனம் கலங்குவதுதான் மிச்சம். ‘உனக்கு ஒன்று கொடுத்தேன், இப்போது அவனுக்கு ஒன்று’ என்று சமன் செய்யும் கெட்ட எண்ணமும் அங்கேதான் முளைக்கும். யாராவது கழுத்தில் செயின் போட்டு ஆடுகிறார்கள், கோல் வலை கிழிந்திருக்கிறது, இடி இறங்குகிறது, இவை மட்டும் விதிவிலக்கு.

முடிந்தவுடனும் வேண்டாம். முதலில் கமிட்டி அவருடைய பணத்தைக் கையில் கொடுக்கட்டும். பணம் வாங்குவதற்கு முன்னால் குறை சொன்னால், கூலியைக் குறைக்கத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தப்பும் இல்லை, கூலியைக் குறைக்கும் கமிட்டிகளும் இருக்கின்றன. முகம் கழுவி, டீ குடித்து, கூட்டம் கலைந்த பிறகு பைக் நிற்கும் இடத்தில் தனியாக நின்று பேசுங்கள். தோற்ற அணி கண்ணில் படும் இடத்தில் நோட்டை விரிக்காதீர்கள். “பாத்தியா, டீச்சரே தப்புன்னு சொல்றாங்க” என்று அது ஊர் முழுக்கப் போய்விடும். ஆட்டத்தின்போது பெரிய சண்டை நடந்திருந்தால் அன்றைக்குப் பேசவே வேண்டாம், மறுநாள் காலையில் போன் செய்யுங்கள். முதல் கேள்வி ‘நல்லாப் போய்ச் சேர்ந்தீங்களா’ என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் மைதானத்தில் ‘நீங்க, வாங்க’ என்றே பேசுங்கள். நாம் ‘டேய்’ என்றால் ஆட்டக்காரனும் அதையேதான் சொல்வான்.

மைக்கில் பேசுபவரைக் கமிட்டி முன்கூட்டியே எச்சரித்து வைக்க வேண்டும். ஸ்கோர் சொல்லலாம், பேர் சொல்லலாம், நன்கொடையாளருக்கு நன்றி சொல்லலாம். ‘நடுவர் அவர்களே, கொஞ்சம் கவனியுங்கள்’ என்று ஒரே ஒரு தடவை மைக்கில் வந்துவிட்டால் ஆயிரம் பேருக்கு அனுமதி கொடுத்த மாதிரி.

வீடியோ இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. ரெஃப்ரி தானாகக் கேட்டால் காட்டுங்கள். அவர் ஓடிய விதத்தைப் பார்க்க அது நல்ல கருவி. ஆனால் கோலுக்குப் பின்னால் நின்று எடுத்த போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வாட்ஸ்அப் குரூப்பில் வட்டம் போட்டு அனுப்புவது கொடுமை. ஒரு பிள்ளையின் முகம் ஒரு தப்போடு சேர்ந்து மாவட்டம் முழுக்கச் சுற்றும். அனுப்பியவர் எந்த இடத்தில் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை.

நல்லதைச் சொல்வதிலும் இதே கணக்குத்தான். ‘நல்லாப் பண்ணினீங்க’ என்றால் அவர் எதைத் திரும்பச் செய்வார்? “முப்பத்தேழாவது நிமிஷம் ஃபவுலுக்கு உடனே ஊதாம ரெண்டு வினாடி பொறுத்தீங்க, அட்வான்டேஜ் வரலைன்னு தெரிஞ்சதும் திரும்ப வந்து ஃபவுல் கொடுத்தீங்க, அப்ப ஏழெட்டு மீட்டர்லதான் இருந்தீங்க” என்று நிமிடமும் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள். அது சம்பிரதாயப் பாராட்டு இல்லை என்று அவருக்கே தெரியும்.

அணி மேனேஜர்களுக்கும் கேப்டன்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேப்டன் என்பதற்குத் தனிச் சலுகை எதுவும் விதியில் கிடையாது, தன் அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்புதான் உண்டு. கேட்க வேண்டியதை முடிந்தபின் ஒருவர் மட்டும் போய்க் கேளுங்கள், கேள்வியாகவே கேளுங்கள். எழுதிக் கொடுப்பதாக இருந்தால் கமிட்டியிடம் கொடுங்கள்: எத்தனையாவது நிமிடம், மைதானத்தில் எந்த இடம், நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள், என்ன நடந்தது. ‘எதிரணியிடம் காசு வாங்கிவிட்டார்’ என்று எழுதும் தாளைக் கமிட்டி வாங்கவே கூடாது. ஆதாரம் இருந்தால் அது புகார், தனியாக விசாரிக்க வேண்டியது. ஆதாரம் இல்லாமல் சொல்வது அவதூறு.

பெண் ரெஃப்ரிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஆண்கள் ஆட்டம் நடத்தும்போது கோட்டோரத்தில் என்னென்ன பேசுகிறார்கள் என்று என் காதால் கேட்கிறேன். அதற்கு அவர்களிடம் போய், ‘தைரியமா இரும்மா, கண்டுக்காதே’ என்று அறிவுரை சொல்லாதீர்கள். பேசியவனை வெளியே அனுப்புவது கமிட்டியின் வேலை, அதைச் செய்ய வைப்பது நம் வேலை. அந்தப் பிள்ளையிடம் மற்ற எல்லோரிடமும் கேட்பதையே கேளுங்கள்: எங்கே நின்றீர்கள், என்ன தெரிந்தது. பெண் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விடுவதும் அவளுக்குச் செய்யும் துரோகம்தான். அவளும் மேலே போக வேண்டாமா?

சில சமயம் ரெஃப்ரி ஒப்புக்கொள்ள மாட்டார். “இல்ல டீச்சர், எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது” என்பார். அவர் நின்ற இடம் என்னுடையதைவிட அருகில் இருந்தால் அத்தோடு விட்டுவிடுவேன், நோட்டிலும் ‘அவர் பார்வை தெளிவு’ என்று எழுதிவிடுவேன். தூரத்தில் நின்றிருந்தால் வாதாட மாட்டேன். அடுத்த ஆட்டத்தில் அதே மாதிரி ஒன்று வரும்போது எத்தனை மீட்டரில் நிற்கிறார் என்று அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

அப்புறம் அந்த அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறை சொல்லிவிட்டு வராமல் இருந்தால் அது பேச்சோடு போய்விடும். மயிலாடுதுறைப் பக்கம் அவருக்கு ஆட்டம் என்றால் பஸ் பிடித்துப் போவேன். சொன்ன அந்த ஒன்றை மட்டும் பார்ப்பேன், வட்டங்களைப் போடுவேன், முடிந்ததும் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.